வரண்ட நிலத்தை விடாமல் வரைந்த கிழவி: ஜோர்ஜியா ஓகீஃப் பற்றி

வடலி (இழையைத் தொடங்கியவர்)

நம் ஊர்க் கண்காட்சிகளில் நிலக்காட்சி என்று மாட்டியிருப்பதைப் பாருங்கள். கோபுரம் இருக்கும், தேர் இருக்கும், பனைகளுக்கு நடுவே சூரியன் விழும், ஒரு மாட்டுவண்டில் போகும். நிலம் எங்கே? கோப்பாய்ச் செம்மண், நாவற்குழி உப்புவெளி, மணற்காட்டு மேடு, நெடுந்தீவுக் கல்வேலி எல்லாம் பின்னணித் துணி மாதிரித்தான் வருகின்றன. வரண்ட இடத்தில் வரைய என்ன இருக்கிறது என்று நாமே முடிவுகட்டிவிட்டோம்.

அதனால்தான் அமெரிக்க ஓவியர் ஜோர்ஜியா ஓகீஃபைப் பற்றி இங்கே பேச ஆசை. பிறப்பு 1887, விஸ்கொன்சின் மாநிலத்துப் பால்பண்ணைக் குடும்பம். இறப்பு 1986, சாந்தா ஃபே. 98 வயது. பெரிய பெரிய பூக்களை வரைந்தவர் என்றுதான் பலருக்குத் தெரியும். எனக்கு அந்தப் பூக்களைவிட, 1929இல் நியூ மெக்சிகோவுக்குப் போனபிறகு அவர் வரைந்த நிலம்தான் பெரிது. சிவப்பு மலை, சாம்பல் மலை, மஞ்சள் பாறை. ஆள் இல்லை, மாடு இல்லை. பெடர்னல் என்ற தட்டையான உச்சிகொண்ட ஒரே மலையைத் திரும்பத் திரும்ப வரைந்தார். போதுமான தடவை வரைந்தால் அந்த மலையைத் தருவதாகக் கடவுள் சொல்லியிருக்கிறார் என்று பகிடியாகச் சொல்வாராம். கடைசியில் அவருடைய சாம்பலை அந்த மலை உச்சியில்தான் தூவினார்கள்.

தெரிந்தவர்கள் எழுதுங்கள். திட்டுவதென்றாலும் சரி.

சித்திர ரீச்சர்

நல்ல இழை தம்பி. நியூ மெக்சிகோவுக்கு முந்தின கதையை நான் சொல்கிறேன், அங்கேதான் ஆளின் குணம் தெரியும்.

1916 முதல் 1918 வரை ரெக்சஸ் மாநிலத்தில் கன்யன் என்ற சின்ன ஊரில் சித்திரம் படிப்பித்தார். என்னைப் போல ஒரு சித்திர ரீச்சர், அவ்வளவுதான். பக்கத்தில் பாலோ டுரோ என்று ஒரு பெரும் பள்ளத்தாக்கு. தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு, மாடு ஏறி இறங்கும் ஒற்றையடித் தடத்தில் சறுக்கிச் சறுக்கி இறங்குவார். அந்தக் காலத்து நீர்வர்ணப் படங்களில் ‘சமவெளியில் வரும் வெளிச்சம்’ என்று 1917இல் செய்த ஒரு வரிசை உண்டு. அடிவானத்தில் விடியல் கிளம்புவதைச் சில நீல வளையங்களால் காட்டியிருப்பார். மாணவருக்கு அதைக் காட்டினால், ‘ரீச்சர், இது முடிஞ்ச படமா?’ என்றுதான் முதலில் கேட்பார்கள். கொஞ்ச நேரம் பார்க்க விட்டால் வகுப்பு அமைதியாகிவிடும்.

இன்னொரு கதையும் இருக்கிறது. 1939இல் டோல் அன்னாசிக் கம்பனி விளம்பரப் படம் வரைவதற்கு இவரை ஹவாய்க்கு அனுப்பியது. செலவு முழுக்க அவர்களுடையது. இவர் அன்னாசித் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே, வேலையாட்கள் இருக்கும் இடத்தில் தங்கப்போகிறேன் என்றார். பெண்பிள்ளை அங்கே தங்குவது சரியில்லை என்று கம்பனிக்காரர் மறித்து, தோல் சீவி வெட்டிய அன்னாசியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அம்மாவுக்கு வந்ததே கோபம். அருவி வரைந்தார், எரிமலைக் கரை வரைந்தார், தாமரை வரைந்தார், கடைசியில் பப்பாளி மரத்தையும் வரைந்தார், அன்னாசியை மட்டும் தொடவில்லை. பப்பாளி வேறு, போட்டிக் கம்பனி விற்கும் பழம்! ஊர் திரும்பியபிறகு, கம்பனி ஒரு முழு அன்னாசிச் செடியை விமானத்தில் ஏற்றி நியூயோர்க்குக்கு அனுப்பிவைத்தது. அதற்குப் பிறகுதான் அன்னாசிக் குருத்தை வரைந்து கொடுத்தார்.

கோப்பாய்ச் செம்மண்

ஓவியம் எனக்குத் தெரியாது, தோட்டக்காரன் நான். ஆனால் இவருடைய வாழ்க்கையில் இரண்டு விஷயம் எனக்கு நன்றாகப் பிடிபட்டது. ஒன்று கார், மற்றது தண்ணீர்.

1929இல் ஒரு ஃபோர்ட் மொடல் ஏ வாங்கி, அதற்குப் பிறகுதான் ஓட்டப் பழகினார். 41 வயது. முன் இருக்கையைக் கழற்றித் திருப்பிப் போட்டுவிட்டு, பின் இருக்கையில் கன்வஸைச் சாத்தி வைத்து உள்ளேயே இருந்து வரைவாராம். 30க்கு 40 அங்குலப் படம் உள்ளே அடங்கியதாம். வெயில் தாங்காத நாளில் காருக்கு அடியில் போய்ப் படுத்துக் கிடந்திருக்கிறார்.

நம் ஊர் ஒஸ்ரின் ஏ40இல் இதைச் செய்யலாமா என்று யோசித்துப் பார்த்தேன். கூரை உயரம் காணாது. ஆனால் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடின கார் அது, ஓவியரையும் எப்படியாவது தாங்கும்.

அடுத்தது தண்ணீர். கோஸ்ட் ராஞ்ச் என்ற இடத்தில் 1940இல் அவர் வாங்கிய முதல் வீட்டில் மரக்கறித் தோட்டம் போட வழியில்லை. அபிக்கியூ என்ற கிராமத்தில் 1945இல் இடிந்து கிடந்த ஒரு மண்வீட்டை வாங்கினார். திருத்தி முடித்துக் குடியேற நாலு வருடம் ஆயிற்று. அங்கே ஊர்ப் பொது வாய்க்கால் உண்டு, ஒவ்வொரு வளவுக்கும் முறை வைத்துத் தண்ணீர் வரும். நம் காணி உறுதியில் ‘கிணற்றில் இத்தனை பங்கும், வழி வாய்க்கால் உரித்தும்’ என்று எழுதுகிறோமே, அதே கணக்கு. பங்குக் கிணற்றில் முறைக்கு அடிபட்டவனுக்குத்தான் அந்த வீட்டை அவர் ஏன் வாங்கினார் என்று விளங்கும்.

வடலி

அண்ணை, அதே வீட்டை வாங்க இன்னொரு காரணமும் சொல்லியிருக்கிறார். முற்றத்து மண்சுவரில் ஒரு கறுப்புக் கதவு. அந்தக் கதவையும் சுவரையும் மட்டும் இருபதுக்கு மேற்பட்ட தடவை வரைந்திருக்கிறார். சுவர், ஒரு கறுத்தச் சதுரம், கீழே நிலத்தில் பதித்த கல்லுகள். அவ்வளவுதான் படம்.

கேள்விக்குறி

எல்லோரும் ஆகா ஓகோ என்கிறீர்கள். நான் கொஞ்சம் உப்புப் போடுகிறேன்.

முதலாவது, இந்தச் சாகசமெல்லாம் காசு இருந்தால் வரும். இவருடைய கணவர் அல்பிரட் ஸ்ரிக்லிட்ஸ் நியூயோர்க்கில் செல்வாக்கான புகைப்படக்காரர், சொந்தமாகக் காட்சிக்கூடம் நடத்தியவர். 1916இல் இவருடைய கரிக்கோட்டுப் படங்களை முதலில் மாட்டியதே அவர்தான். வருடாவருடம் கண்காட்சி வைத்து, விலை பேசி, படம் விற்றுக் கொடுத்தார். நம்மூரில் ஒரு சித்திர ஆசிரியைக்கு இப்படி ஒருவர் வாய்த்தாரா?

இரண்டாவது, ‘என் மலை’ என்கிறாரே, யாருடைய மலை? பெடர்னலில் கிடைக்கும் தீக்கல்லை உடைத்துக் கத்தியும் அம்புமுனையும் செய்த ஆதிக்குடிகள் ஆயிரக்கணக்கான வருடங்களாக அங்கே இருந்தவர்கள். ‘ஆள் இல்லாத நிலம்’ என்று வடலி புகழ்கிறார். ஆள் இருந்தார்கள், இவர் வரையவில்லை. நம் காணிகளை ‘வெற்றுக்காணி’ என்று அடையாளம் போட்டு எடுத்தவர்களைப் பார்த்தவர்கள் நாம். அந்த மாதிரிப் படத்தை ரசிக்க முன் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?

மூன்றாவது, அபிக்கியூவிலிருந்து நேர்கோட்டில் நாற்பது கிலோமீற்றருக்குள் லொஸ் அலமோஸ். 1945இல் ஹிரோஷிமாவிலும் நாகசாக்கியிலும் போட்ட குண்டுகளை வடிவமைத்த இடம். இவர் வீடு வாங்கிய அதே வருடம். படத்தில் எங்கேயாவது அது தெரிகிறதா?

சித்திர ரீச்சர்

கேள்விக்குறியின் இரண்டாவது கேள்வி நியாயமானது, அதற்கு என்னிடம் பதிலில்லை. முதலாவதற்கு உண்டு.

ஸ்ரிக்லிட்ஸ் உதவினார், உண்மைதான். ஆனால் அவர் இவரை எப்படிக் காட்டினார்? தானெடுத்த நிர்வாணப் படங்களைக் கண்காட்சியில் வைத்தார், இவருடைய ஓவியமெல்லாம் பெண்ணுடம்பின் வெளிப்பாடு என்ற பேச்சு அங்கிருந்துதான் கிளம்பிற்று. பூவை வரைந்தால் அது பூவில்லை என்று எழுதினார்கள். வாழ்நாள் முழுக்க இவர் அதை மறுத்துக்கொண்டே இருந்தார். 1924இல் கல்யாணம், மனிசன் 23 வயது மூத்தவர். சில வருடத்தில் அவருக்கு வேறொரு இளம்பெண்ணுடன் உறவு. 1932இல் நியூயோர்க்கில் புதிதாகக் கட்டிய பெரிய அரங்கொன்றில் சுவரோவியம் வரைய இவர் ஒப்புக்கொண்டார், சுவரில் ஒட்டிய கன்வஸ் உரிந்து வந்தது, வேலை நின்றது. 1933இல் மனமுடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒரு வருடத்துக்கு மேல் தூரிகை தொடவில்லை. அதற்குப் பிறகுதான், 1934 கோடையில், கோஸ்ட் ராஞ்சுக்குப் போனார். ஸ்ரிக்லிட்ஸ் 1946இல் இறக்கும்வரை ஒருமுறைகூட நியூ மெக்சிகோவுக்கு வந்ததில்லை. வருடத்தில் பாதி அவரோடு, பாதி மலையோடு என்று இவர் வாழ்ந்திருக்கிறார்.

காசிருந்தால் சாகசம் வரும் என்கிறீர்கள். காசிருக்கிற எத்தனை பேரை நாம் கண்டோம், கொழும்பில் இரண்டாவது வீடு வாங்கியதோடு சரி.

ரொறன்ரோ வாசி

சிக்காகோவில் அண்ணாவின் மகள் கல்யாணத்துக்குப் போனபோது கலைக்கூடத்தில் ‘மேகங்களுக்கு மேலே வானம் 4’ படத்தைப் பார்த்தேன். மாடிப்படி ஏறும் இடத்தில் மாட்டியிருக்கிறார்கள். 24 அடி அகலம், 8 அடி உயரம். கீழே இருந்து வெள்ளைக் கட்டிகள் அடுக்கடுக்காகப் போய்ப் போய், மேலே ஒரு இளஞ்சிவப்புக் கோடு. விமானத்தில் யன்னலோரம் இருந்தவனுக்கு உடனே பிடிபடும்.

1950களில் அவர் விமானமேறி உலகம் சுற்றத் தொடங்கினார். 1959இல் போன நீண்ட பயணத்தில் இந்தியாவில் மட்டும் பல வாரம் இருந்திருக்கிறார். மேலேயிருந்து ஆறுகள் கிளைபிரிந்து ஓடுவதைப் பார்த்துப் பார்த்து வரைந்த படங்கள் தனி வரிசை. இந்த மேகப்படத்தை 1965இல் கோஸ்ட் ராஞ்சில் கார் கொட்டிலுக்குள் நின்று வரைந்தார். 77 வயது. கொட்டிலில் சூடாக்கும் வசதியில்லை, குளிர் வருவதற்குள் முடிக்கவேண்டும், அதனால் விடிய எழும்பிப் பொழுதுபடும்வரை வேலை. பிறகு 1970இல் தொடங்கிய பெரிய கண்காட்சி நியூயோர்க், சிக்காகோ என்று வந்து சன்ஃபிரான்சிஸ்கோவுக்குப் போகவேண்டியிருந்தபோது, அங்கேயுள்ள மியூசிய வாசலுக்குள் இந்தப் படம் நுழையாது என்று தெரிந்தது. அதனால் சிக்காகோவிலேயே தங்கிவிட்டது.

கல்யாணத்தில் சாப்பாடு பரவாயில்லை. படம்தான் மனதில் நிற்கிறது.

நாயன்மார்க்கட்டு

கொஞ்ச நாளாகவே வாசித்துக்கொண்டிருக்கிறேன், எழுதவில்லை. எலும்புகளைப் பற்றி ஒருவரும் பேசாததால் எழுதுகிறேன்.

1930இல் அங்கே கடும் வரட்சி, மாடும் குதிரையும் செத்து எலும்பாகக் கிடந்தன. இவர் பொறுக்கிச் சேர்த்துப் பீப்பாயில் அடைத்து நியூயோர்க்குக்கு அனுப்பினார். 1931இல் மாட்டு மண்டையோட்டைச் சிவப்பு, வெள்ளை, நீலப் பின்னணியில் வரைந்தார். அது உலகப் புகழ். பாலைவனத்தில் பூ இல்லை, அதனால் எலும்பைப் பொறுக்கினேன் என்ற கருத்தில் பேசியிருக்கிறார். வடிவாக இருக்கிறதாம்.

நான் இருப்பது செம்மணி வெளியிலிருந்து எட்டிப்பார்க்கும் தூரம். அங்கே மனிதப் புதைகுழிகளை 1999இலும் தோண்டினார்கள், 2025இலும் சித்துப்பாத்திச் சுடலைப் பக்கம் தோண்டினார்கள். தினமும் அந்த வீதியால்தான் வேலைக்குப் போய்வந்தேன். எலும்பு ‘வடிவாக’ இருக்கிறது என்று சொல்லக்கூடிய இடத்தில் பிறக்கவில்லை நான். இந்தப் படங்களை என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை. ஓவியம் கெட்டது என்று சொல்லவில்லை. பார்க்க முடியவில்லை.

வடலி

நாயன்மார்க்கட்டு, நீங்கள் எழுதியது நல்லது.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன், உங்களை மாற்றுவதற்கல்ல. 1943 முதல் அவர் இடுப்பெலும்பு வரிசை ஒன்று வரைந்தார். எலும்பைக் கையில் தூக்கி, அதன் ஓட்டைக்குள்ளால் வானத்தைப் பார்ப்பது மாதிரி. சில படங்களில் எலும்பே விளிம்புக்கு ஒதுங்கி, நடுவில் நீலம் மட்டும். உலகப்போர்க் காலம் அது. மனிதர் செய்யும் அழிவெல்லாம் முடிந்த பிறகும் அந்த நீலம் அப்படியே இருக்கும் என்ற பொருளில் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். கேள்விக்குறி கேட்டாரே, லொஸ் அலமோஸ் எங்கே தெரிகிறது என்று. எனக்கு அந்த ஓட்டைக்குள் தெரிகிறது.

கேள்விக்குறி

நீலம் இருக்கும் என்பது ஆறுதலா? எனக்கு அது கோபத்தைத்தான் தருகிறது. வானத்துக்கு என்ன, அது 2009இலும் நீலமாகத்தான் இருந்தது.

ஆனால் அந்தப் படத்தைத் தேடிப் பார்த்தேன். மோசமில்லை.

நாயன்மார்க்கட்டு

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். நன்றி கேள்விக்குறி.

வேறொரு கணக்கும் உண்டு. ஓகீஃப் தன் படங்களில் பெரும்பகுதியைத் தன் கையிலேயே வைத்திருந்தார், பிடிக்காததைத் தானே அழித்தார், மிச்சம் 1997இல் சாந்தா ஃபேயில் திறந்த தனி மியூசியத்துக்குப் போய்ச் சேர வழி இருந்தது. நம் ஓவியர் மாற்கு மாஸ்டரை நினைத்துப் பாருங்கள். குருநகரில் பிறந்து வளர்ந்து, எத்தனையோ பேருக்குக் கோடு பழக்கிய மனிதர். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க வீதியில் நின்றதே, அப்படியான இடப்பெயர்வுகளில் அவருடைய படங்கள் எத்தனையோ போயின. 2000இல் அவரும் போய்விட்டார். ஒரே மலையைப் பல வருடம் வரைவதற்கு, ஒரே வீட்டில் பல வருடம் இருக்க விடவேண்டும்.

சித்திர ரீச்சர்

மாற்கு மாஸ்டரை இங்கே கொண்டுவந்ததற்கு நன்றி. இடம்பெயர்ந்தும் அவர் வரைவதை நிறுத்தவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

மணற்காட்டுப் பெடியன்

வணக்கம், நான் புதிது. மேலே எல்லாம் வாசித்தேன். நான் மணற்காட்டில் மணல்மேட்டையும் மண்ணுக்குள் பாதி புதைந்த அந்தப் பழைய அந்தோனியார் கோயிலையும் நேரில் நின்று வரைகிறேன். நீர்வர்ணம். சோளகக் காற்றில் நிறம் தாளில் வைத்தவுடனே காய்கிறது, மணல் வேறு வந்து ஒட்டுகிறது. படம் எடுத்துக்கொண்டு வீட்டில் வைத்து வரை என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஓகீஃப் காற்றுக்கு என்ன செய்தார்?

சித்திர ரீச்சர்

தம்பி, அவரும் பட்டிருக்கிறார். கோஸ்ட் ராஞ்சிலிருந்து 150 மைல் தள்ளி ஒரு சாம்பல்மலைத் தொடர், ‘கறுப்பிடம்’ என்று தானே பெயர் வைத்தார். தோழி ஒருவருடன் அங்கே கூடாரமடித்துத் தங்கி வரைவார். கூடாரம் ஆட, கன்வஸ் நிறுத்தும் தாங்கியைக் கல் வைத்துக் கட்டி நிறுத்தி, கையுறை போட்டுக்கொண்டு வரைந்திருக்கிறார்கள். காற்றை வெல்லவில்லை, சகித்திருக்கிறார்.

உமக்கு நான் சொல்வது இதுதான். புகைப்படம் வேண்டாம். பென்சிலும் சின்னக் கொப்பியும் கொண்டு போம், உருவத்தை மட்டும் கீறும், நிறத்தின் பெயரை ஓரத்தில் எழுதும். நிறம் வீட்டில் போடலாம். நேரிலேயே நிறம் போடுவதென்றால் விடிய ஆறு மணிக்குப் போம், எட்டரைக்குள் எழும்பிவிடும். தாளை முதலே இரண்டு பக்கமும் நனைத்துப் பலகையில் ஒட்டினால் காய்வது கொஞ்சம் பிந்தும். மணல் ஒட்டினால் ஒட்டட்டும், தட்டிவிட வேண்டாம், உரசினால் தாள் கிழியும். காய்ந்தபிறகு தானே உதிரும்.

ரொறன்ரோ வாசி

ரீச்சர், அவருக்குக் கண் போனபிறகு என்ன செய்தார் என்று எங்கேயோ வாசித்தேன், சரியாக நினைவில்லை.

சித்திர ரீச்சர்

1970களின் தொடக்கத்தில் நடுப்பார்வை போய்விட்டது. எதிரே நிற்பவரின் முகம் தெரியாது, ஓரத்தால் கொஞ்சம் தெரியும். வேறொருவர் உதவியில்லாமல் எண்ணெய் வர்ணத்தில் கடைசியாகச் செய்தது 1972இல். அடுத்த வருடம் வேலை தேடி வாசலுக்கு வந்த ஒரு இளம் குயவர் உதவியாளராகச் சேர்ந்தார். அவரிடம் களிமண் பிசையப் பழகினார். 86 வயதில்! பார்வை வேண்டாத வேலை, விரல் போதும். பிறகு உதவியாளரை வைத்து நீர்வர்ணமும் செய்தார்.

எனக்கும் இடது கண்ணில் புரை. சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்திருக்கிறது. அதுவரை கொப்பியில் பெரிதாகக் கீறுகிறேன்.

கோப்பாய்ச் செம்மண்

ரீச்சர், கண் சுகமாகட்டும். 1961இல் 73 வயதில் ரப்பர் படகேறிக் கொலராடோ ஆற்றில் பத்து நாளுக்குக் கிட்டப் போனார் இந்த மனிசி, கிளென் கன்யன் பள்ளத்தாக்கு வழியாக. இரண்டு வருடத்தில் அணையில் தண்ணீரைத் தேக்கத் தொடங்கினார்கள், பிறகு அந்தப் பள்ளத்தாக்கே தண்ணீருக்குள் போய்விட்டது. நேரத்தோடு பார்த்துவிட்டார். நீங்கள் சத்திரசிகிச்சை முடித்துவிட்டு வாருங்கள், நெடுந்தீவுக்குப் படகில் போவோம். குதிரையும் பெருக்கு மரமும் அங்கேயே நிற்கும்.

வடலி

பெடியன், உம்முடைய மணற்காட்டுப் படம் ஒன்றை இங்கே போடும். கோயில் இல்லாத, மணல் மட்டும் உள்ள படம்.

மணற்காட்டுப் பெடியன்

மணல் மட்டும் உள்ளது ஒன்று இருக்கிறது அண்ணை, ஆனால் அம்மா அதை முடியாத படம் என்று அலுமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டா. நாளைக்கு எடுத்துப் போடுகிறேன்.

கேள்விக்குறி

போடும். விமர்சனத்துக்கு நான் இருக்கிறேன்.